படிகாரம் போட்ட குளம்

12-11-1978, ஞாயிறு

இன்று ஆலயத்தில் பிரசங்கம் பொறுமையைப் பற்றி. போதகர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதில் உபதேசத்தோடு பயிற்சியும் கிடைத்தது.

மத்தியானம் அண்ணனோடு குளத்துக்குப் போனேன். கம்பத்தில் உரக்கடை, திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம், மருந்து தெளிக்கும் மிஷின் எல்லாம் போதாதென்று அண்ணன் ஞானசிகாமணி முதலாளி இந்த வருஷம் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு சிறிய குளத்தை மீனுக்குக் குத்தகை எடுத்திருக்கிறார். கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில் முள் இருக்கும் என்பதுதான். வீட்டில் விலங்கியல் படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதா? ம்ஹும்.

மலையில் மழை. ஓடைத் தண்ணீர் காட்டு இலையெல்லாம் ஊறி நல்ல பழுப்பு நிறத்தில் குளத்துக்கு வருகிறது. காவல்காரர் ஒச்சாண்டி அதற்கு 'கட்டஞ்சாயா' — மலையாளத்தில் பால் விடாத டீ — என்று பேர் வைத்திருக்கிறார். குமுளிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவர். அண்ணனுக்கு அந்த நிறத்தைக் கண்டாலே மானம் போகிறது. "சாக்கடைல மீன் வளக்குறான்னு நாலு பேரு பேச மாட்டாகளா?" என்கிறார். நான் அந்தச் சாக்கடையில் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் கேனை மோந்து பார்த்தார்.

20-11-1978

நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கும் கல்லூரியில் பரிசோதனை ஜாடிகளைப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் துளி மயில்துத்தம் கலந்து விட்ட கெண்டைக் குஞ்சுகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. அதே அளவு துத்தம் கலந்த பழுப்புத் தண்ணீரில் விட்டவை எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. ஒன்று என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. இந்தக் கல்லூரியில் என் வேலையைப் பற்றி அக்கறையாக வாய் திறந்த முதல் ஆள்.

விஷயம் இவ்வளவுதான். மக்கிய இலையிலிருந்து இறங்கும் சாறு — புத்தகத்தில் ஹியூமிக் பொருள்கள் என்கிறார்கள் — துத்தத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப் பிடிபட்ட செம்பு மீனின் செவுளில் போய் ஒட்டுவதில்லை. அதற்காக இலைச்சாறு அமிர்தமும் இல்லை. பானையில் இலையைக் கெட்டியாக ஊறவைத்து அதிலேயே குஞ்சை விட்டால் மேலே வந்து காற்றுக்குத் தவிக்கிறது. அதையும் எழுதியிருக்கிறேன். நான் ஒன்றும் லேகியம் விற்கவில்லை.

முதல்வர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, டிகாஷன் போடுறீங்களா?" என்றார். இதே வேடிக்கையைப் போன மாதமும் சொன்னார். அப்போதும் அவர் மட்டும்தான் சிரித்தார்.

29-11-1978

மதுரை போய் என் வழிகாட்டி பேராசிரியர் சங்கரலிங்கத்தைப் பார்த்தேன். வராந்தாவில் பாதி நாள் காக்க வைத்துவிட்டு, நான் எழுதியதை விசிறி போல ஆட்டிக்கொண்டே கேட்டார்: "ஜாடியில நடக்கிறது குளத்துல நடக்குமாம்மா?"

இந்த மனிதர் குளத்தில் கால் நனைத்திருந்தால் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். "நடக்கும் சார்" என்றேன். "நடந்ததைப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. யார் குளத்தை எனக்குக் கொடுப்பார்கள், விஷம் கலந்து பார்க்க?

குளத்தில் காட்டாதவரை எம்.ஃபில். தீசிஸில் கையெழுத்துப் போட மாட்டாராம். திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் தாங்க முடியவில்லை.

3-12-1978, ஞாயிறு

தெரிந்துவிட்டது. என்னடா ஒரு வாரமாக மதினி என் தட்டில் கறித்துண்டை அள்ளி வைக்கிறாரே என்று பார்த்தேன்.

தேனி பஜாரில் பலசரக்குக் கடையாம். பேர் ராஜமணி. மனைவியை இழந்தவர். என்னைக் கேட்கிறார்களாம். முப்பத்துமூன்று வயதில் கேட்பதே பெரிசு என்று அண்ணன் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார்.

"வேலை?" என்றேன்.

"எதுக்கு வேலை? கடையில நம்பிக்கையா உக்கார ஆள் இல்லாமத்தேன் அவுக தேடுறாக" என்றார் மதினி சொர்ணலதா, ஏதோ பெரிய வரத்தைச் சொல்வது போல.

எனக்குக் கத்தத் தெரியும், கத்தினேன். கடைசியில் அண்ணன் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி கையைத் தூக்கித் தீர்ப்புச் சொன்னார்: "லெந்து பிறக்குறதுக்குள்ள ஒந் தீசிஸை மதுரையில வாங்கிக்கிட்டாகன்னா நான் வாயத் தொறக்கல. நீ வாத்தியாராவே இரு. இல்லேன்னா லெந்துக்கு முன்னாடி கல்யாணம். லெந்து வந்துட்டா அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் கிடையாதுல்ல."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? லெந்துத் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி கடைசியில். குளம் இல்லை. கையெழுத்து இல்லை. பருப்பு நிறுக்கப் பழகிக்கொள்ளலாம்.

11-12-1978

பின்கட்டில் வைத்திருந்த கேன் தண்ணீரை மதினி கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார். செடி நன்றாக இருக்கிறது. இந்த வீட்டில் என் ஆராய்ச்சியால் பயன்பட்ட ஒரே ஜீவன்.

26-12-1978

நேற்றுத் தின்ற கேக் இன்னும் செரிக்கவில்லை, அதற்குள் இது.

ஜனவரி முதல் சனிக்கிழமை தேனியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்களைக் குளத்துக்கு அழைத்துப் போய் மீனைக் காட்ட வேண்டுமாம். பெண்ணைப் பார்த்தால் போதாது போலிருக்கிறது. ஆனால் தண்ணீர் பழுப்பாக இருப்பதால் மீன் தெரியாது. அதனால் — இதை எழுதவே கை கூசுகிறது — குளம் முழுக்கப் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கப் போகிறார் அண்ணன். வீட்டில் குடத்துத் தண்ணீருக்குப் போடுவதில்லையா, அதே மாதிரி, குளத்துக்கு. கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறதாம்.

"அண்ணே, படிகாரம் போட்டா இலைச்சாறு பூரா திரண்டு அடியில போயிரும்" என்றேன்.

"அதுக்குத்தானேத்தா போடுறது?"

"சுத்தியும் திராட்சைத் தோட்டம். அடிக்கிற துத்தமெல்லாம் கழுவிக் கழுவி அந்தக் குளத்துக்குத்தான் வருது. இந்தச் சாறுதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அது இல்லேன்னா மீன் செத்துப்போகும்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை! அவர் விற்கிற துத்தத்தைக் குறை சொல்லிவிட்டேனாம். "நாந்தேன் இந்த வட்டாரத்துக்கே துத்தம் விக்கிறேன். எல்லாப் பயலும் அங்கனதான் மருந்துத் தகரத்தக் கழுவுறான். இத்தன மாசமா ஒரு மீன் செத்துச்சா? நீயே சொல்லு, செத்துச்சா?"

சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதைத்தானே மனுஷா நான் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவன், 'நான் நனையவே இல்லையே, குடை எதற்கு' என்று குடையைத் தூக்கி எறிவது போல. இதையும் சொன்னேன். மதினி சிரித்துவிட்டார். அதனால் அண்ணனுக்கு இன்னும் கோபம்.

30-12-1978

ஓடை மடையை அடைத்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு நல்ல தண்ணீர் விடுகிறார்கள். ஒச்சாண்டி வாழைமரத் தெப்பத்தில் ஏறி, படிகாரச் சாக்கைக் கயிற்றில் கட்டிக் குளம் பூராவும் இழுத்துக்கொண்டு திரிகிறார். பின்னாலேயே, படிகாரத்தின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு. கரையில் நின்று அண்ணன் கையை ஆட்டி ஆட்டி வழி சொல்கிறார், கப்பல் ஓட்டுகிற நினைப்பு.

2-1-1979

குளம் தெளிந்துவிட்டது. அடி தெரிகிறது. கட்லாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் திரும்பும்போது செதில் செதிலாகப் பளபளக்கிறது.

அழகாக இருக்கிறது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? அப்படி ஓர் அழகு. பார்த்துக்கொண்டே நின்றேன். எரிச்சலாக வந்தது.

6-1-1979, சனி

வந்தார்கள். பார்த்தார்கள். மீனை.

மாப்பிள்ளையும் அவருடைய அக்கா ஞானசெல்வியும் வேனில் வந்து இறங்கினார்கள். வீட்டில் எனக்கு ஒதுக்கிய நேரம் ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம். குளத்தில் அதைவிட அதிகமாக நின்றார்கள். "இந்தா, இந்தா, பெரிசு!" என்று அந்த அம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். ராஜமணி என் பக்கம் திரும்பிப் பேசிய ஒரே வாக்கியம்: "மீன் பாடம் படிச்சவுக, மீன் குழம்பு நல்லா வைப்பீகளா?"

"தாவரவியல் படிச்சவுக நல்லா கீரை கடைவாங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, அதுவும் ஒரு கஷ்டம்.

பிப்ரவரியில் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று கரையிலேயே பேசி முடித்தார்கள். அண்ணன் முகம் குளத்தைவிடத் தெளிந்திருந்தது. அந்த நேரத்தில் பார்த்தேன் — மேல்பக்கத் தோட்டத்தில் இரண்டு பேர் மருந்து அடித்து முடித்துவிட்டு குளத்தில் நேராக விழும் தோட்டத்து வாய்க்காலில் தகரத்தைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீலமாக ஒரு கோடு குளத்தை நோக்கி வந்தது. மூன்று நாளாகவே எல்லாத் தோட்டத்திலும் மருந்து அடிக்கிறார்கள் என்றார் ஒச்சாண்டி.

"அண்ணே, ஓடை மடையைத் திறந்து விடுங்க, இப்பவே" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வந்தவுக முன்னாடி மானத்த வாங்காத, கிருபா."

அவர்கள் போன பிறகு ஒச்சாண்டியிடம் கெஞ்சினேன். "மொதலாளி சொல்லாம நான் மடைப்பலகையத் தொட மாட்டேந்தாயி" என்றார். நானே இழுத்துப் பார்த்தேன். பலகை அசையவில்லை. சேலையெல்லாம் சேறானதுதான் மிச்சம்.

9-1-1979

மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. மடையைத் திறந்தார்கள். ஓடையில் இப்போது தண்ணீர் எங்கே இருக்கிறது? நூல் மாதிரி வருகிறது.

10-1-1979

எல்லாம் போச்சு.

குளம் பூரா வெள்ளை வயிறு. கரையைச் சுற்றிலும் கூட்டம். எவனோ வெசம் வச்சிட்டான்னு ஒருத்தன், தேனிக்காரவுக கண்ணு பட்டிருச்சுன்னு ஒச்சாண்டி. இதைத் தின்னக் கூடாது என்று நான் சொன்னதும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி வெட்ட ஆரம்பித்தார். ஒச்சாண்டி மண்வெட்டியைக் கேட்டபோது கொடுக்கவில்லை. கூடை கூடையாக அள்ளிப்போட்டுச் சுண்ணாம்பைத் தூவி மூடினார். செதில் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். சொல்ல முடியல. அவரு மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிச் சொல்ல?

ஆனா அதுக்காக நான் சும்மா வந்தேனா? வரல. எல்லாரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குளத்துத் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்தேன். அண்ணன் பார்த்தார். நான் என்ன ஜென்மம்?

14-1-1979, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. ஆய்வுக்கூடத்துச் சாவி என்னிடம் இருக்கிறது.

குளத்துத் தண்ணீரில் விட்ட குஞ்சுகள் செத்துவிட்டன. அதே குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் இலைச்சாறு கலந்து விட்டவை உயிரோடு இருக்கின்றன. படிகாரமே கொன்றிருக்குமோ என்று அதையும் பார்த்தேன். தோட்டங்களுக்கு மேலே, மருந்து படாத இடத்தில் பிடித்த ஓடைத் தண்ணீரில் அவர்கள் போட்ட மாதிரியே படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைத்து, அதில் குஞ்சுகளை விட்டேன். அதில் ஒன்றும் சாகவில்லை. ஆக, கொன்றது செம்பு. காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பழுப்பு.

ஜாடியில் நடந்தது குளத்திலும் நடந்துவிட்டது. சங்கரலிங்கம் இனி எதை ஆட்டிக்கொண்டு கேள்வி கேட்பார்?

சந்தோஷப்பட வேண்டியவள் நான். இதை எழுத வேண்டுமானால் யார் குளம், யார் படிகாரம் போட்டது, எதற்குப் போட்டார், துத்தம் எங்கிருந்து வந்தது எல்லாம் எழுத வேண்டும். ஊருக்கே துத்தம் விற்கிற மனுஷர், தன் குளத்தைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று அச்சில் ஏற்ற வேண்டும். எழுதாவிட்டால் தேனிப் பலசரக்குக் கடை.

17-1-1979

தேனிப் பலசரக்குக் கடையும் இல்லை. மீன் செத்தது நல்ல சகுனமாகப் படவில்லை என்று அந்த அக்கா ஞானசெல்வி சொல்லி அனுப்பிவிட்டார். ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிற அம்மாள். சகுனமாம்!

எனக்கு நிம்மதி. அண்ணனுக்கு அதுவும் ஓர் அடி. கடையைத் திறப்பதே பதினோரு மணிக்கு. வேறொரு இடம் பார்க்கலாம், லெந்துக்குள் முடியும் என்று மதினி மெதுவாக ஆரம்பிக்கிறார். நான் சொன்ன 'சரி' இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

21-1-1979, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு, மதினி பாத்திரம் கழுவப் போன நேரத்தில்.

"அண்ணே, குளத்து விஷயத்தை எழுதினா என் தீசிஸை வாங்கிக்குவாங்க. ஆனா நடந்ததை நடந்தபடிதான் எழுதணும். பேர் போட மாட்டேன். 'ஒரு குத்தகைதாரர்'னு மட்டும் போடுறேன்."

பல் குத்திக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எதுக்கு ஒரு குத்தகைதாரர்?"

"ம்?"

"பேரப் போடு. கம்பம் ஞானசிகாமணின்னு போடு. எவனோ ஒரு கிறுக்கன் செஞ்சான்னு எழுதுனா எவன் நம்புவான்? துத்தம் விக்கிற நானே செஞ்சேன்னு எழுதுனாத்தான் நாலு பேரு யோசிப்பான்." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "இனிஷியலையும் சேத்துப் போடு. இந்த ஊருல இன்னொரு ஞானசிகாமணி இருக்கான்."

முட்டாள்தனத்திலும் பேர் மாறிவிடக் கூடாதாம்! சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அழுகையாகிவிட்டது. மதினி வந்து, "என்னடி, அவுக திட்டுனாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

3-2-1979

சங்கரலிங்கம் கடைசி அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்து முடித்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, குளத்துல பாருங்கன்னு" என்றார். ஆமாம் சார், நீங்கள்தான் சொன்னீர்கள். படிகார மூட்டையையும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கையெழுத்துப் போடுகிற கை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

27-2-1979

தீசிஸை மதுரையில் வாங்கிக்கொண்டார்கள். நாளை சாம்பல் புதன். வீட்டில் யாரும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அண்ணன் மட்டும், "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார்.

18-6-1979

லெக்சரர் ஆகிவிட்டேன். முதல்வர் வாழ்த்துச் சொன்னார். கூடவே டிகாஷன் வேடிக்கையும்.

13-10-1979, சனி

காலையிலிருந்து மழை. ஓடை கட்டஞ்சாயாவாக இறங்குகிறது என்று ஒச்சாண்டி சொல்லி அனுப்பினார். அண்ணன் மறுபடியும் குஞ்சு விட்டிருக்கிறார். மடைப்பலகையைக் கழற்றி வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். கோழிக்கூண்டுக்குக் கதவாக நிற்கிறது.

தீசிஸில் ஒரு பிரதி கடையில் இருக்கிறது. பிரவுன் பேப்பர் அட்டை போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில் அவர் பேர் வருகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது, பேர் மட்டும் தெரியும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார் என்று மதினி சொன்னார். இந்தக் கூத்தை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம் என்று சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் கூட்டம். பாங்கிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆபீசர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குத்தகைதாரர் ஞானசிகாமணி படிகாரம் போட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்தார், அதனால் குளத்து மீன் முழுவதும் செத்தது என்று சொல்லும்போதுதான் என்ன படிக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. பாதியில் நிறுத்திவிட்டார். நான் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

"ஆமா சார், அது நாந்தேன்" என்றார் அண்ணன். "மேல படிங்க. எந் தங்கச்சி எழுதுனது."

பிறகு எதிரே நின்ற தோட்டக்காரருக்குத் துத்தத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். கொடுக்கும்போது பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தகரத்த ஓடையில கழுவாதய்யா. தோட்டத்துலேயே குழி வெட்டி ஊத்து. கழுவுனேன்னு கேள்விப்பட்டேன், அடுத்த தடவ நீ துத்தத்துக்கு போடிக்குத்தான் போகணும்."

அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் விட்டார்.

நான் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன். பாதி வழியில் நன்றாக நனைந்த பிறகுதான் குடையைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.